பிரெஞ்சு பிஸ்ட்ரோ சமையல் தொழில்: ராமநாதபுரம் கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என நம் கரையோர ஊர்களில் சமையல் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் செய்யும் வேலை பிரெஞ்சு பிஸ்ட்ரோ சமையல் என்பதால் பதில்களும் அந்த எல்லைக்குள் நிற்கும்.

பிஸ்ட்ரோ சமையல் என்பது எது? நட்சத்திர ஓட்டல்களில் பார்க்கும் பிரெஞ்சு உணவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பிஸ்ட்ரோ என்பது பாரிஸ் நகரத்துத் தெருக்களில் வளர்ந்த சிறிய உணவகம். நெருக்கமாகப் போட்ட சில மேசைகள், சுவரில் ஒரு கரும்பலகை, அதில் அன்றைக்கு உள்ள உணவுகள், அக்கம்பக்கத்தார் அடிக்கடி வந்து சாப்பிடக்கூடிய விலை: இவ்வளவுதான் அதன் அடையாளம். 19-ஆம் நூற்றாண்டில் ஓவெர்ன் என்னும் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் நிலக்கரியும் ஒயினும் விற்ற கடைகள் பல, பின்னாளில் இத்தகைய உணவு விடுதிகளாக மாறின. நம் ஊரிலிருந்து மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சாப்பாட்டுக்கடை வைத்தவர்களை அறிந்தவர்களுக்கு இந்த வரலாறு எளிதில் புரியும்.

அங்கே சமைக்கப்படுபவை வெங்காய சூப், வெண்ணெயில் பொரித்த மீன், காய்கறியோடு நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியான பொத்தோஃபே, சேவலை ஒயினில் வேகவைக்கும் கோக் ஓ வான், வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைக்கும் கோன்ஃபி, கிரேம் கேரமெல் போன்றவை. விலை குறைந்த, கடினமான பகுதிகளை எடுத்து, நேரம் கொடுத்து, மென்மையும் சுவையும் உள்ள உணவாக மாற்றுவதுதான் இந்தச் சமையலின் உயிர். 1992-இல் ஈவ் கம்தெபோர்த் என்னும் சமையற்கலைஞர், பாரிசின் பெரிய ஓட்டல் ஒன்றில் பயின்ற திறமையோடு வெளியே வந்து லா ரெகலாத் என்ற சிறிய உணவகத்தைத் திறந்தார். உயர்ந்த சமையல் நுட்பத்தை எளிய விலையில் கொடுக்கும் போக்குக்கு அது முன்மாதிரியாயிற்று. இன்று உலகெங்கும் பிஸ்ட்ரோ சமையற்காரர்களுக்கு வேலை இருப்பதில் அந்தப் போக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மீன் தெரிந்த வீட்டில் பிறந்தது இந்தத் தொழிலுக்கு உதவுமா?

நிச்சயமாக உதவும், நம் பிள்ளைகள் இதைக் குறைத்து மதிப்பிடுவதைக் கண்டு எனக்கு வருத்தம் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்வதும், விரலால் அழுத்திச் சதை எழும்புகிறதா என்று பார்ப்பதும், பாக் நீரிணைப் பக்கத்து நண்டுக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்து நண்டுக்கும் பருவம் எப்படி மாறும் என்று அறிவதும் எந்தக் கல்லூரியும் ஒரு பருவத்தில் கற்றுத்தர முடியாத அறிவு. பெருநகரச் சமையலறைகளில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீனை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய ஆள் தேடுகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் சொல் முதல் மாதத்திலேயே எடுபடும்.

கத்தியை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். நாம் அரிவாள்மனையில் மீனை முள்ளோடு குறுக்கே துண்டு போடுகிறோம். பிரெஞ்சு முறையில், வளையக்கூடிய மெல்லிய கத்தியை முதுகெலும்பை ஒட்டிச் செலுத்தி, சதையை முழுத் தகடாக எடுக்க வேண்டும். கத்தி எலும்பின் மேல் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று பொருள். சத்தம் நின்றால் சதை எலும்பில் தங்குகிறது. விளைமீன், பாரை, கலவா என்று உடல்வாகு வேறுபடும் மீன்களில் மாறிமாறிப் பழகினால் கை சீக்கிரம் திருந்தும்.

எங்கே படிக்கலாம்? பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு வழி உண்டா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனங்களில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். அதற்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு நிறுவனங்கள் உள்ளன. புதுச்சேரியிலும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு, உணவு தயாரிப்புக் கைவினைப் பயிற்சி என்னும் குறுகிய படிப்பு இந்த நிறுவனங்களில் இருக்கிறது. ஐடிஐ-களிலும் உணவு தயாரிப்பு ஒரு பாடப்பிரிவாக உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களைத் தரமணியில் படிக்கவைக்கத் தாட்கோ உதவி செய்துவந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் நேரில் போய், இந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தெருவுக்குத் தெரு விளம்பரம் ஒட்டியிருக்கும் தனியார் கேட்டரிங் கல்லூரிகளில் பணம் கட்டுமுன், அங்கே மாணவர்கள் வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு முன் நிற்கிறார்கள் என்று ஒரு மூத்த மாணவரிடம் தனியாகக் கேட்பது நல்லது. கரும்பலகையில் சாஸ் செய்முறை எழுதிப் போட்டு முடித்துவிடும் இடத்தில் மூன்று ஆண்டைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு நல்ல உணவகத்தில் உதவியாளராகச் சேர்வதே மேல்.

வெளிநாட்டில் படிப்பதென்றால், 1895-இல் பாரிசில் தொடங்கிய லெ கோர்தோன் ப்ளே, பாரிசின் ஃபெராந்தி, லியோன் நகரத்துக்கு அருகில் 1990-இல் தொடங்கி நெடுங்காலம் போல் பொக்யூஸ் பெயரில் இயங்கிய கல்லூரி ஆகியவை பெயர் பெற்றவை. செலவு மிக அதிகம். வீட்டை அடமானம் வைத்து அங்கே போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இங்கே சில ஆண்டுகள் வேலை செய்து, எது தெரியவில்லை என்று தெளிந்தபின் போனால் அந்தப் பணத்துக்குப் பயன் இருக்கும்.

சேர்ந்தவுடன் என்ன பதவி? மேலே போவது எப்படி?

பெரிய சமையலறைகளின் படிநிலையை ஒழுங்குபடுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). இன்றும் அந்த வரிசையே நடைமுறையில் இருக்கிறது. நம் ஓட்டல்களில் கமி (உதவிச் சமையலர்) மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி, டிசிடிபி (ஒரு பிரிவின் துணைப் பொறுப்பாளர்), சிடிபி (பிரிவின் பொறுப்பாளர்), சூ செஃப் (தலைமைச் சமையலருக்கு அடுத்தவர்) என்று போவார்கள். பிஸ்ட்ரோவில் மொத்தமே ஐந்தாறு பேர் இருப்பதால் இந்த ஏணி சுருங்கிவிடும். காலையில் வெங்காயம் உரிப்பவரே இரவில் இனிப்பும் கொடுப்பார். வேகமாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு இது நல்லது. சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். சிடிபி ஆகும்வரை குடும்பத்துக்குப் பெரிதாக அனுப்ப முடியாது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

தட்டை அழகுபடுத்துவதை ஒதுக்கிவைத்துவிட்டு ஸ்டாக்கை, அதாவது எலும்பையோ காய்கறியையோ நீரில் வேகவைத்து வடித்தெடுக்கும் சாற்றை, கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன். பிஸ்ட்ரோ உணவில் சூப், சாஸ், வேகவைத்த இறைச்சி எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஸ்டாக். இதில் கை தேறாதவர் பத்தாண்டு வேலை செய்தாலும் பிறர் சொன்னதைச் செய்பவராகவே இருப்பார்.

நம் கரையில் எளிதாகப் பழகக்கூடியது ஃப்யூமே எனப்படும் மீன் ஸ்டாக். கலவா அல்லது விளைமீனின் எலும்பும் தலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மிகுந்த மீன் ஆகாது. செவுளை முழுவதும் பிய்த்தெறிந்து, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் இரத்தத்தைக் குளிர்ந்த நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அது தங்கினால் சாறு கலங்கிக் கசக்கும். சின்ன வெங்காயத்தையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, எலும்பைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, குளிர்ந்த நீரை எலும்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மிதமான தீயில் வைக்க வேண்டும். ஓரங்களில் சிறு குமிழ்கள் எழும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். இருபது நிமிடம் போதும், முப்பதைத் தாண்டக் கூடாது. கோழி ஸ்டாக் மூன்று நான்கு மணி நேரமும் கன்று எலும்பு ஸ்டாக் அதைப்போல் இருமடங்கும் கொதிக்கலாம் என்பதால், மீனையும் அதிக நேரம் விட்டால் சுவை கூடும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அப்படி விட்டால் கசப்புத்தான் கூடும். வடிகட்டும்போது எலும்பை அழுத்திப் பிழியாதீர்கள்.

அடுத்தது மதர் சாஸ்கள், அதாவது பிற சாஸ்களுக்கு அடிப்படையானவை. எஸ்கோஃபியே 1903-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் மரபில் வந்த இன்றைய பாடத்திட்டங்கள் பெஷமெல், வெலூத்தே, எஸ்பான்யோல், தக்காளி, ஹோலண்டேஸ் என்று ஐந்தைச் சொல்கின்றன. பிஸ்ட்ரோ வேலையில் முதல் இரண்டும் கடைசியும் நாள்தோறும் கைக்கு வரும். ஒரு லிட்டர் பாலுக்கு வெண்ணெயும் மைதாவும் தலா எழுபது கிராம் அளவில் எடுத்து, மாவின் பச்சை வாசம் போகும்வரை வதக்கிப் பாலைச் சேர்த்தால் பெஷமெல்; பாலுக்குப் பதில் ஸ்டாக் ஊற்றினால் வெலூத்தே.

எல்லாவற்றையும் வேலை தொடங்குமுன் அரிந்து, அளந்து, கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கிவைப்பதை மீசான் பிளாஸ் என்பார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் வலையையும் மிதவையையும் முந்தின மாலையே வரிசைப்படுத்தி வைப்பதைப் போன்ற ஒழுங்கு அது. இந்தப் பழக்கம் வீட்டிலேயே கண்ணில் பட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஹலால் மட்டுமே உண்கிறோம். ஒயினும் பன்றி இறைச்சியும் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா?

கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. மாட்டிறைச்சி தொட மாட்டேன் என்று கேட்பவர்களும் உண்டு. துபாயிலும் தோகாவிலும் ஹலால் இறைச்சியை மட்டும் வைத்து நடக்கும் பிரெஞ்சு உணவகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை தேடலாம். பன்றி இறைச்சியின் இடத்தில் புகையூட்டிய வாத்தோ மாட்டிறைச்சியோ வைத்துச் சமாளிக்கலாம். ஒயின் விஷயத்தில் என் கருத்து வேறு: கோக் ஓ வான் போன்ற உணவுகளில் ஒயினை எடுத்துவிட்டுத் திராட்சைச் சாறு ஊற்றி அதே பெயரில் பரிமாறுவது எனக்கு உடன்பாடில்லை. ஒயின் தேவைப்படாத உணவுகளே பிஸ்ட்ரோவில் ஏராளம். வெண்ணெயில் பொரித்த மீன், வறுத்த முழுக்கோழி, பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கு, பருப்பு சாலட், ஆம்லெட், பெரும்பாலான இனிப்புகள் என்று ஒரு முழுப் பலகையே எழுதிவிடலாம். ஆனால் பாரிசில் வேலை செய்யப் போகிறவர் ஒயினையும் பன்றி இறைச்சியையும் தொடாமல் இருக்க முடியாது. போகுமுன் அதை வீட்டில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

சென்னையிலும் வளைகுடாவிலும் சமையலறைச் சொற்கள் தெரிந்தால் போதும். அவை மூன்று மாதத்தில் நாக்கில் பழகிவிடும். பிரான்சில் வேலை செய்வதென்றால் மொழி கட்டாயம். சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள அலியான்ஸ் பிரான்சேசில் வகுப்புகள் நடக்கின்றன. மொழித் தேர்ச்சியின் தொடக்கப் படிகளில் இரண்டாவதான ஏ2 நிலை முடித்தவர் ஓரளவு சமாளிப்பார். அதற்கு அடுத்த பி1 முடித்தவரைச் சமையலறையில் ஏய்க்க முடியாது.

பாரிசுக்குப் போய் வேலை செய்ய முடியுமா? முகவர்களை நம்பலாமா?

முடியும், ஆனால் சுருக்குவழி கிடையாது. பிரான்சில் வேலை கொடுப்பவரே உங்களுக்காக வேலை அனுமதி பெற வேண்டும்; அந்த அனுமதியின் பேரில்தான் விசா. மாணவராகப் போனால் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; படகை விற்றுக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. வளைகுடா வேலைக்கு அழைக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவெண்ணைக் கேட்டவுடன் பேச்சை மாற்றுகிறவரை விட்டு விலகிவிடுங்கள்.

பாரிசில் தமிழர்கள் புதியவர்கள் அல்லர். லா சப்பேல் பகுதியைச் சுற்றி வாழும் ஈழத்தமிழர்களில் பலர் பாத்திரம் கழுவும் இடத்தில் தொடங்கி, பார்த்துப் பழகி, பிரெஞ்சு உணவகங்களின் அடுப்பைப் பொறுப்பேற்கும் நிலைக்கு வந்தவர்கள். 2023-இல் பாரிசின் சிறந்த பாகெத் ரொட்டிக்கான போட்டியில் வென்றவர் இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா; அந்த வெற்றியால் ஓராண்டு பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. ஒரு பிரெஞ்சு உணவைப் பிரெஞ்சுக்காரர்களைவிட நன்றாகச் செய்ய நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைச் சொல்கிறேன்.

வேலை நேரம் எப்படி இருக்கும்?

கடினம். காலையில் வந்து மதியப் பரிமாறல் முடித்து, இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு, மாலையில் மீண்டும் வந்து இரவு பதினொரு மணிக்குமேல் அடுப்பைத் துடைத்துவிட்டுப் போகும் பிரேக் ஷிஃப்ட்தான் பெரும்பாலான இடங்களில். திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் விடுமுறை கிடைப்பது அரிது. கால் நரம்பு சுருளாமல் இருக்க நல்ல காலணி முக்கியம். முதல் சம்பளத்தில் கத்திக்கு முன்பாக அதை வாங்குங்கள்.

பெண்பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். பிரெஞ்சுச் சமையலின் தலைநகர் என்று போற்றப்படும் லியோனின் பெயரை வளர்த்தவர்கள் அந்த ஊர் அம்மாக்கள் என்று அழைக்கப்பட்ட பெண் சமையற்கலைஞர்களே. அவர்களில் யூஜெனி பிரேசியே, பண்ணையில் வளர்ந்து வீட்டு வேலைக்குப் போன பெண். 1933-இல் தம்முடைய இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லேன் வழிகாட்டியின் மிக உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற போல் பொக்யூஸ் அவரிடம் வேலை பழகியவர். தங்குமிடம் எங்கே, இரவில் வேலை முடிந்து எப்படித் திரும்புவது, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் வேலையில் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குவது பெற்றோரின் கடமை. ஆண்பிள்ளைக்கும் அதைச் செய்யலாம்.

நம் கரையிலேயே ஒரு பிஸ்ட்ரோ நடத்த முடியுமா?

முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். பிஸ்ட்ரோவின் கரும்பலகை, நாள்தோறும் வரத்து மாறும் கரைக்கு ஏற்ற ஏற்பாடு. அச்சடித்த மெனு வைத்திருப்பவர் வஞ்சிரம் வராத நாளில் உறைந்த மீனைத் தேடுவார். பலகை வைத்திருப்பவர் ஏலத்தில் ஓரா மலிவாக வந்தால் ஓரா என்று எழுதுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவரும் கணவாயும் சிறு மீனும் ஓரளவு கிடைக்கும், விலை ஏறியிருக்கும். கோழி, முட்டை, ஆட்டுக்கால் பக்கம் பலகையைத் திருப்ப அதுவே சரியான பருவம்.

எதைச் சமைப்பது? நாக்கு மீனில் தொடங்குவேன். பிரெஞ்சுக்காரர்கள் சோல் மீனில் செய்யும் மெனியேர் அதற்கு அப்படியே பொருந்தும். தோலுரித்து, உப்புத் தூவி, மைதாவில் புரட்டி உதறி, வெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக எடுத்து வைத்தபின், வாணலியைத் துடைத்துவிட்டுப் புதிய வெண்ணெய் போட வேண்டும். நுரை அடங்கி, அடியில் தங்கும் பால்சத்து பழுப்பாகி, வறுத்த கொட்டையின் மணம் வரும் நொடியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சீறி நிற்கும். அதை மீன்மேல் ஊற்றி உடனே கொண்டுபோக வேண்டும். பத்து விநாடி தாமதித்தால் வெண்ணெய் கருகிக் கசந்துவிடும்.

மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்யும் கூடங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் ஓடு கழிவாகிறது. நீலக்கால் நண்டின் ஓட்டை வறுத்து, தக்காளியும் வெங்காயமும் சேர்த்துக் கொதிக்கவைத்து, பழைய பிரெஞ்சு முறைப்படி அரிசியால் கெட்டியாக்கினால் பிஸ்க் சூப் கிடைக்கும். மார்செய் நகரத்து மீன் சூப்போடு கொடுக்கும் ரூய் என்ற பூண்டு மிளகாய்ச் சாந்துக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயைவிடப் பொருத்தமானது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை; அதன் தடித்த தோல் ஊறியபின் வழவழப்பாக அரைபடும், காரமும் அளவாக இருக்கும். ஆனால் எல்லாத் தட்டிலும் மிளகாயைப் போட்டுவிட்டுப் பிரெஞ்சு உணவு என்று சொல்லக் கூடாது. ஒரு சாந்தில் போதும்.

சிக்கல்களும் உண்டு. ராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் யாத்திரிகர்கள். அங்கே காய்கறி ஸ்டாக்கில் வெங்காய சூப், கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த காய்கறிக் கூட்டான ரத்ததூய், அடுப்பில் மேல்புறம் சிவக்கச் சுடும் உருளைக்கிழங்கு கிரதான் என்று தனிப் பலகை வேண்டும். உப்புக்காற்றில் ஃபிரிட்ஜும் பர்னரும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மே மாதச் சமையலறையில் வெண்ணெய் மேசையிலேயே உருகிவிடும் என்பதால், குளிர்ந்த வெண்ணெயை அடித்துச் செய்யும் பேர் பிளான் போன்ற சாஸுக்கு ஐஸ் தட்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். மது பரிமாற எண்ணினால் அதற்குத் தனி உரிமம் தேவை. அது சிறிய உணவகத்துக்கு எளிதில் கிடைக்காது. மது இல்லாமலே கணக்குக் கட்டுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு முதல் நாளே வேண்டும்.

வேலைக்கான சோதனை நாளில் என்ன செய்யச் சொல்வார்கள்?

பெரும்பாலும் ஆம்லெட். மூன்று முட்டை, வெண்ணெய், உப்பு மட்டும். நம் ஊர் ஆம்லெட்டைப் போல் சிவக்கக் கூடாது. வெளியே மஞ்சளாக, சுருக்கமில்லாமல், உள்ளே சற்று இளகியபடி, சுருட்டிய வடிவில் தட்டில் விழ வேண்டும். வாணலியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் முட்டையைக் கலக்கி, ஓரம் பிடிக்கத் தொடங்கியதும் தீயிலிருந்து எடுத்துச் சுருட்டுங்கள். வெங்காயம் பொடியாக அரியச் சொல்வதும் உண்டு. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதோடு, அரிந்து முடித்தபின் பலகையைத் துடைத்தீர்களா என்றும் பார்ப்பார்கள். உங்கள் சொந்தக் கத்தியைத் தீட்டி எடுத்துப் போங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே பின்வாசலில் நில்லுங்கள்.